நாலு இறைப்புத் தோட்டம்

பீளமேடு, கோயமுத்தூர்
11-1-1963

அக்கா,

உன் கடிதம் நேற்றுச் சாயங்காலம் வந்தது. மூன்று தரம் படித்தேன். நடுநடுவே மை கலைந்திருக்கிறது, பாதி வாக்கியம் அந்தரத்தில் நிற்கிறது. நான் புரிந்துகொண்டது சரியா என்று பார்.

போன வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு மச்சான் தோட்டத்துக் கிணற்றில் ஆயில் என்ஜினைக் கிளப்பியிருக்கிறார். புகைக்குழாய் டமாரென்று வெடித்திருக்கிறது. பட்டாசுக் கம்பெனியில் மருந்து பற்றிக்கொண்டது என்று நினைத்து ஊர்ப் பெண்டுகள் அத்தனை பேரும் அச்சங்குளம் ரோட்டில் ஓடியிருக்கிறார்கள். ராக்காயி மதினி வாய்க்கால் மேட்டில் இடறி விழுந்து கை ஒடிந்துவிட்டது. மறுநாளே பஞ்சாயத்துக் கூடியிருக்கிறது. கம்பெனி வேலை நேரமான காலை எட்டு முதல் மாலை ஐந்தரை வரை ஊர் எல்லைக்குள் ஆயில் என்ஜின் ஓடக்கூடாது. காலையில் எழுந்து கம்பெனிக்கு நடக்கிற பிள்ளைகள் தூங்க வேண்டும் என்பதால் இரவு ஏழுக்கு மேல் விடியும் வரையும் ஓடக்கூடாது. இதுதானே தீர்மானம்? தும்பக்குளத்தில் இருப்பதே ஒரு என்ஜின். அது உங்களுடையது. ஊர் பேரைச் சொல்லி உங்களுக்கு மட்டும் ஒரு சட்டம்.

முதலில் வெடித்த விஷயம். எண்ணெயைத் தெளிக்கிற நாசில் சொட்டுகிறது. எரியாத எண்ணெய் புகைக்குழாயில் போய்த் தங்கி, பிறகு ஒரேயடியாகப் பற்றுகிறது. கழற்றித் துடைத்து மாட்டினால் தீர்ந்தது. அரை நாள் வேலை. அரை நாள் வேலைக்கு ஒரு தீர்மானமா?

அடுத்தது தண்ணீர். நம் கிணறு ஒரு தரம் வற்ற இறைத்தால் மறுபடி ஊற நாலரை மணி நேரம் எடுக்கும். விடிகாலை, பதினோரு மணி, நாலு மணி, இரவு ஒன்பது என்று ஒரு நாளைக்கு நாலு இறைப்பு. அந்த நாலை நம்பித்தான் இத்தனை பாத்தி மிளகாய் நட்டிருக்கிறீர்கள். தீர்மானப்படி விடிகாலை ஒன்று, சாயங்காலம் ஒன்று, இரண்டுதான் கிடைக்கும். பாதித் தண்ணீருக்குப் பாதித் தோட்டமாவது நிற்கும் என்று எண்ணாதே. எல்லாச் செடியும் சேர்ந்து பூவை உதிர்க்கும். செடிக்குக் கணக்குத் தெரியாது.

செல்லத்தாய் எட்டாவது முடிக்கப் போகிறாள். மிளகாய் வீடு வந்தால் சாத்தூர் ஹைஸ்கூல், வராவிட்டால் கம்பெனியில் திரி வெட்டப் போகட்டும் என்று தீபாவளிக்கு வந்தபோது மச்சான் என் எதிரிலேயே சொன்னார். அவர் சொன்ன சொல்லை மாற்றுகிற ஆள் இல்லை. அதனால் இது மிளகாய் விஷயம் மட்டும் இல்லை.

நீ கவலைப்படாதே. பிரசிடெண்ட் ஒச்சப்பன் பெரியப்பாவுக்கு எல்லாவற்றையும் விளக்கி இன்றே ஒரு கடிதம் போட்டிருக்கிறேன். கூட்டத்தில் வாசிக்கும்படி கேட்டிருக்கிறேன். என்ஜின் படித்தவன் சொன்னால் கேட்பார்கள்.

சங்கரபாண்டியன்


தும்பக்குளம்
19-1-1963

தம்பி சங்கரபாண்டிக்கு அக்கா வெள்ளைத்தாய் எழுதுவது.

எல்லாரும் உயிரோடு இருக்கிறோம். நீ நேரத்துக்குச் சாப்பிடு.

பெரியப்பாவுக்குக் கடிதம் போடுமுன் என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? நீ சொன்னபடியே சாவடியில் வைத்து வாசித்தார்கள். வாத்தியார்தான் வாசித்தார். தண்ணீர்க் கணக்கு வரைக்கும் எல்லாரும் தலையாட்டிக்கொண்டு கேட்டார்கள். அதற்கப்புறம் நீ எழுதியிருந்தாயே, "வெடிச் சத்தத்துக்கும் என்ஜின் சத்தத்துக்கும் வித்தியாசம் தெரியாத செவிடர்களுக்காக விவசாயத்தை நிறுத்த முடியாது" என்று. அங்கே வாத்தியார் குரலே இறங்கிவிட்டது.

ராக்காயி மதினி கட்டுப் போட்ட கையோடு முன்னால் உட்கார்ந்திருந்தாள். கம்பெனியில் நாலு வருஷத்துக்கு முன்னால் தீப்பிடித்த அன்றைக்கு அவள் உள்ளே இருந்தவள். இடது காது அன்றோடு போனது. வலது காதில் பாதிதான் கேட்கும். நீ அப்போது விருதுநகரில் பாலிடெக்னிக் ஆஸ்டலில் இருந்தாய், உனக்குத் தெரியாது என்று எனக்குத் தெரியும். ஊருக்குத் தெரியாது. அவளைக் குத்தித்தான் எழுதினாய் என்று நினைக்கிறார்கள்.

அவளுக்கு வாசித்தது கேட்கவில்லை. பக்கத்தில் இருந்தவளை இடித்து, "என்னடி வாசிச்சாக? எம் பேரு வந்துச்சா?" என்று உரக்கக் கேட்டாள். பெரியப்பாதான் கடிதத்தை வாங்கி மடித்து வைத்துக்கொண்டு, "படிச்ச புள்ளை எழுதியிருக்கான் தாயி. நமக்கு அம்புட்டுப் புரியாது" என்றார். நான் தலையை நிமிர்த்தவில்லை.

நீ ஊரில் இல்லாததால் உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். இங்கே ஒரு சத்தம் கேட்டால் யாரும் உடனே ஓடுவதில்லை. செய்த வெடியைக் கம்பெனியில் ஒன்றிரண்டு போட்டுப் பார்ப்பார்கள், அது தினமும் உண்டு. ஒன்று கேட்டால் கையில் இருக்கிற வேலையை அப்படியே நிறுத்திவிட்டு மூச்சுப் பிடித்து நிற்போம். அடுத்து ஒன்றும் இல்லை என்றால் வேலையைப் பார்ப்போம். அடுத்தடுத்துப் பொரிந்தால்தான் ஓடுவது. அந்த அடுத்த சத்தம் வருகிறதா இல்லையா என்று கேட்கத்தான் ஊர் அமைதியாக இருக்க வேண்டும் என்கிறார்கள். நம் தோட்டம் ஊருக்கும் கம்பெனிக்கும் நட்டநடுவில் கிடக்கிறது. என்ஜின் டக்குடக்கென்று அடித்தால் ஒன்றா பத்தா என்று தெரிவதில்லை. மதினி மகள் பாலம்மாள் இப்போது அங்கேதான் வேலை செய்கிறாள். இன்னும் முப்பது வீட்டுப் பிள்ளைகள் போகிறார்கள்.

அவர்கள் சொல்வது தப்பு என்று எனக்குச் சொல்ல வரவில்லை. ஆனால் என் பிள்ளை அங்கே போகக்கூடாது என்பதற்குத்தானே நான் அந்த என்ஜினை ஓட்டச் சொல்கிறேன்.

உன் மச்சான் சாவடிப் பக்கமே வரவில்லை. "ஒந் தம்பி எழுதிக் கிழிச்சது போதும்னு சொல்லு" என்றார். நாசில் துடைத்தாயிற்று. இப்போது வெடிப்பதில்லை.

உன் அக்கா


பீளமேடு
24-1-1963

அக்கா,

செவிடர் என்பது நான் பொதுவாக எழுதிய வார்த்தை. என்ஜின் செய்கிற எங்கள் ஷாப்பில் ஒருவனை ஒருவன் நாளைக்குப் பத்துத் தரம் அப்படித்தான் கூப்பிடுகிறோம். மதினியிடம் அப்படிச் சொல்லிவிடு. வேண்டாம், சொல்லாதே, அவளுக்குத் தெரியாமலே இருந்தால் அப்படியே இருக்கட்டும். இல்லை, தெரிந்திருக்கும். நான் வரும்போது பார்த்துக்கொள்கிறேன்.

ஒன்று மட்டும் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. ஐந்து குதிரைச் சக்தி என்ஜின் சத்தத்தில் ஒரு வெடி விபத்து மறையவே மறையாது. எங்கள் ஷாப்பில் இருபது என்ஜின் ஒரே நேரத்தில் டெஸ்டில் ஓடும்போது வாசலில் லாரி டயர் வெடித்தாலும் கேட்கிறது. இதை நான் யாரிடமும் நிரூபித்துக் காட்டத் தயார். ஆனால் உங்கள் ஊரில் நிரூபிப்பது என்றால் என்ன செய்து நிரூபிப்பது என்று யோசித்ததும் நிறுத்திக்கொண்டேன்.

சரி, அவர்களுக்குச் சத்தம்தானே பிரச்சினை? சத்தத்தைக் குறைப்போம். ஒரு பெரிய சைலன்ஸர் நானே செய்கிறேன். பழைய எண்ணெய் டிரம், உள்ளே ஓட்டை போட்ட குழாய், நடுவில் இரண்டு தடுப்பு. வேலை முடிந்த பிறகு தினமும் ஒரு மணி நேரம் இங்கே பட்டறையில் நிற்க ஃபோர்மன் சம்மதித்திருக்கிறார். ஒரு மாதம் ஆகும்.

அது வரை மச்சானை இப்படிச் செய்யச் சொல். என்ஜின் கொட்டகையிலிருந்து பத்தடி தள்ளி ஆள் இடுப்பளவுக்குக் குழி வெட்டி, புகைக்குழாயை அதற்குள் விட்டு, உடைந்த செங்கல்லைத் தளர்வாக நிரப்பி, மேலே பலகை போட்டு மண் மூடட்டும். ஒரு பக்கம் புகை போக இடம் வேண்டும். செங்கல்லை நெருக்கி அடைத்துவிடக் கூடாது, என்ஜின் மூச்சு முட்டும். சத்தம் பாதிக்கு மேல் குறையும். குறைந்ததும் பெரியப்பாவைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.

பூ எப்படி இருக்கிறது என்று நீ எழுதவே இல்லை.

சங்கரபாண்டியன்


தும்பக்குளம்
6-2-1963

தம்பிக்கு,

பூ நிறைய இருந்தது. இப்போது காலையில் பாத்திக்குள் போனால் காலடியில் வெள்ளையாகக் கிடக்கிறது.

நீ சொன்னபடி குழி வெட்டினோம். உன் மச்சான் வாயால் திட்டிக்கொண்டே கையால் ஒழுங்காகச் செய்தார். செங்கல்லைத் தளர்வாகத்தான் போட்டார். ஞாயிற்றுக்கிழமை கம்பெனி லீவு என்பதால் அன்றைக்குப் பகலில் ஓட்டிப் பார்த்தோம். பக்கத்தில் நின்று பேசினால் பேச்சுக் கேட்டது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. பெரியப்பாவும் வந்து பார்த்து, "பரவாயில்லையே, கோயமுத்தூர்க்காரன் மூளை வேலை செய்யுதே" என்று சொல்லி, திங்கட்கிழமை பதினோரு மணிக்கு ஒரு தரம் ஓட்டிப் பார்க்கலாம் என்று விட்டார்.

திங்கட்கிழமை ஓட்டினோம். தோட்டத்தில் சத்தம் குறைந்துதான் இருந்தது. ஊருக்குள் என்ன ஆனது தெரியுமா? சத்தம் மண்ணுக்குள் இறங்கிப் போயிருக்கிறது. வீடுகளில் அடுப்பு மேல் சட்டி அதிர்ந்திருக்கிறது. தூரத்தில் கட்டுக்கட்டாகப் பொரிந்தால் எப்படிக் காலுக்கடியில் தும் தும்மென்று வருமோ அப்படி வந்திருக்கிறது. இது என்ஜின் சத்தம் என்பதாவது முன்னால் தெரிந்தது. இப்போது அதுவும் தெரியவில்லை. மறுபடி எல்லாரும் ஓடினார்கள். பாதி ரோட்டில் பாலம்மாளே எதிரில் வந்தாள், உடம்பு சரியில்லை என்று வேலையிலிருந்து பாதியில் திரும்பியவள். ராக்காயி மதினி அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அடித்தாள். ஏன் அடித்தாள் என்று அவளுக்கும் தெரியாது, பார்த்த எங்களுக்கும் தெரியாது.

சாயங்காலம் தலையாரி வந்து, என்ஜினைச் சுற்றிக் கிளப்புகிற ஹேண்டிலை வாங்கிக்கொண்டு போய்விட்டான். சாவடியில் வரிப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள். விடிந்ததும் போய் வாங்கிக்கொண்டு எட்டு மணிக்குள் திருப்பிக் கொடுக்க வேண்டும். சாயங்காலமும் அப்படியே. உன் மச்சான் போக மாட்டேன் என்றுவிட்டார். "எம் பொருளை எங்கிட்டக் குடுக்கச் சொல்லி நான் எவன் வாசல்லயும் போயி நிக்க மாட்டேன்" என்கிறார். நான்தான் போய் வாங்கி வருகிறேன். சேலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு வருவேன். திருடிக்கொண்டு வருகிற மாதிரிதான் இருக்கிறது.

வெள்ளைத்தாய்


பீளமேடு
11-2-1963

அக்கா,

மண் அதிரும் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். கீழே கரிசல், அதற்கடியில் பாறை. தோன்றவில்லை. குழியை மூடிவிடுங்கள்.

ஹேண்டிலைப் பிடுங்க அவர்களுக்கு எந்த அதிகாரமும் இல்லை. லைசென்ஸை ரத்து செய்யலாம், அபராதம் போடலாம், பொருளைத் தூக்கிக்கொண்டு போகப் பஞ்சாயத்துச் சட்டத்தில் இடம் கிடையாது. இதை மச்சான் யூனியன் ஆபீஸில் போய்ச் சொல்ல வேண்டும். போவாரா? மாட்டார். கோபம் மட்டும் படுவார். கோபத்தால் ஒரு சொட்டுத் தண்ணீர் மேலே வராது.

சரி, கமலை போடுங்கள். மாட்டு இறைப்புக்குச் சத்தம் கிடையாது, எந்தத் தீர்மானமும் தடுக்காது. பகலில் கமலை, காலையும் மாலையும் என்ஜின். மூன்று இறைப்பாவது தேறும். இதை ஏன் யாரும் யோசிக்கவில்லை?

சங்கரபாண்டியன்


தும்பக்குளம்
15-2-1963

தம்பிக்கு,

கமலைக்கு மாடு எங்கே? இரண்டையும் விற்றுத்தானே என்ஜின் வாங்கினோம். "எந்தக் காலத்தில் இருக்கீக மச்சான், தள்ளிவிடுங்க" என்று தொழுவத்து வாசலில் நின்று சொன்னவன் நீதான். மறந்துவிட்டதா? இரண்டு நாள் கேட்டுப் பார்த்தேன், இந்த வறட்சியில் மாடு இரவல் கொடுக்கிறவர்கள் யாரும் இல்லை.

உன் கடிதத்தை உன் மச்சான் படிக்கச் சொல்லிக் கேட்டார். செல்லத்தாய் வாசித்தாள். கமலை என்ற இடத்தில் எழுந்து போய்விட்டார்.

வெள்ளைத்தாய்


பீளமேடு
3-3-1963

அக்கா,

பதில் எழுத இத்தனை நாள் ஆனதற்குக் காரணம் வேலை இல்லை. என்ன எழுதுவது என்று தெரியவில்லை. மாட்டை விற்கச் சொன்னது நான்தான். மறக்கவில்லை. கமலை என்று எழுதும்போது ஞாபகம் வரவில்லை, அது வேறு.

சைலன்ஸர் முடிந்துவிட்டது. உன் கடிதம் வந்த பிறகு மீதி வேலையைப் பத்து நாளில் முடித்தேன். டெஸ்டில் மாட்டிப் பார்த்தேன். ஃபோர்மன் வந்து என்ஜின் ஓடுகிறதா என்று கையை வைத்துப் பார்த்தார். இதில் மண் அதிராது, குழாய் ஆகாயத்தைப் பார்த்து நிற்கும்.

நானே கொண்டுவந்து மாட்ட வேண்டும் என்றுதான் இருந்தேன். லீவு கேட்டேன். கிடையாது என்றுவிட்டார்கள். கோடை வருகிறது, எல்லா ஜில்லாவிலிருந்தும் என்ஜினுக்கு ஆர்டர், சீசன் முடியும் வரை எவனுக்கும் லீவு இல்லையாம். ஒரு நாளைக்கு எட்டு என்ஜின் சத்தமாக ஓடுகிறதா என்று பார்த்து அனுப்புகிறேன், ஒன்று சத்தமில்லாமல் ஓட நேரில் வர முடியவில்லை.

ரயில் பார்சலில் சாத்தூர் ஸ்டேஷனுக்கு அனுப்பியிருக்கிறேன். ரசீது இதற்குள் இருக்கிறது. வண்டி வைத்துக்கொண்டு போங்கள், கனம். போல்ட் நாலையும் ஒரே பக்கம் இறுக்காமல் குறுக்கே மாற்றி மாற்றி இறுக்கச் சொல். படம் போட்டிருக்கிறேன். செல்லத்தாய்க்குப் படம் புரியும், அவளை அருகில் வைத்துக்கொள்ளுங்கள்.

ராக்காயி மதினிக்கு ஒரு கடிதம் எழுதினேன். அனுப்பவில்லை. வாத்தியார்தானே வாசிக்க வேண்டும்.

சங்கரபாண்டியன்


தும்பக்குளம்
28-3-1963

தம்பிக்கு,

சைலன்ஸர் வந்தது. செல்லத்தாய் படத்தைப் பார்த்துப் பார்த்துச் சொல்ல, உன் மச்சான் மாட்டினார். நீ சொன்னது சரி. கொட்டகைக்கு வெளியே பெட்டைக்கோழி அடைகாக்கிற மாதிரி ஒரு முனகல்தான் வருகிறது. பெரியப்பா, வாத்தியார், ராக்காயி மதினி எல்லாரையும் கூப்பிட்டு ஊர் முனையில் நிறுத்தி ஓட்டிக் காட்டினோம். மதினி வலது காதைத் திருப்பிக்கொண்டு ரொம்ப நேரம் நின்றாள். "ஓட்டுறாகளா இன்னும்?" என்றாள். ஓடிக்கொண்டுதான் இருக்கிறது என்றதும், "அப்ப எனக்கென்ன ஆத்தா, ஓட்டிக்கட்டும். எம் பிள்ளையைப் போல ஒம் பிள்ளையும் அங்கன போகணும்னு நான் சாமி கும்பிடலை" என்றாள். அவளுக்கு வாசித்தது அன்றைக்கே தெரிந்துவிட்டது தம்பி. தெரிந்துதான் இதைச் சொன்னாள்.

பெரியப்பாவுக்கும் சம்மதம்தான். ஆனால் போட்ட தீர்மானத்தை இன்னொரு தீர்மானம் போட்டுத்தான் எடுக்க வேண்டுமாம். கோயில் பங்குனிப் பொங்கலுக்குச் சாட்டியாயிற்று, பொங்கல் முடியாமல் கூட்டம் கிடையாது. தீர்மானம் போட்டாலும் யூனியன் ஆபீஸில் கையெழுத்தாகி வர வேண்டும். அது வரை ஹேண்டில் சாவடியில்தான். "என்னைக் கேட்டா இன்னிக்கே எடுத்துக்கோம்பேன் வெள்ளைத்தாயி. நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆனா எங் கழுத்துக்குல்ல வரும்" என்றார். அவர் சொல்வதிலும் என்ன தப்பு?

எழுதக் கை வரவில்லை. மிளகாய் போய்விட்டது. பழுக்க வேண்டிய சமயத்தில் செடியே சுருண்டுவிட்டது. பறித்தது வீட்டுக்குக் குழம்பு வைக்கக் காணும். உன் மச்சான் சாத்தூர்ப் பள்ளிக்கூடப் பேச்சை எடுக்கவில்லை. கம்பெனிப் பேச்சையும் எடுக்கவில்லை. நேற்று, கம்பெனிக்கு ஆள் சேர்க்கிற ஏஜெண்ட் வந்து திண்ணையில் உட்கார்ந்தபோது மட்டும் உள்ளே போகாமல் உட்கார்ந்திருந்தார்.

வெள்ளைத்தாய்


பீளமேடு
1-4-1963

அக்கா,

அவளை அனுப்பாதே. பதினான்கு முடியாத பிள்ளையைக் கம்பெனியில் சேர்க்கக்கூடாது, அது சட்டம். செல்லத்தாய்க்குப் பதின்மூன்றுதான்.

இங்கே கொண்டுவந்து விடு. நான் படிக்க வைக்கிறேன். ஒரே அறையில் நாலு பேர் தங்கியிருக்கிறோம் என்பது உண்மைதான். நான் வேறு வீடு பார்க்கிறேன். ஃபோர்மன் வீட்டில் பெண்பிள்ளைகள் இருக்கிறார்கள், கேட்டுப் பார்க்கிறேன். நீயும் கூட வந்து இரு. மச்சானிடம் நான் கேட்டதாகச் சொல். அவர் என்னைத் திட்டட்டும், அவர் காலில் விழச் சொன்னாலும் விழுகிறேன். படம் பார்த்து போல்ட் இறுக்கச் சொன்ன பிள்ளை அக்கா அவள்.

உடனே பதில் போடு.

சங்கரபாண்டியன்


பீளமேடு
23-4-1963

அக்கா,

மூன்று வாரமாயிற்று. பதில் இல்லை.

வீடு கிடைக்கவில்லை. கல்யாணமாகாதவனுக்குத் தர மாட்டேன் என்கிறார்கள். ஃபோர்மன் வீட்டிலும் இடமில்லையாம். ஆனால் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். பள்ளிக்கூடம் ஜூனில்தான் திறக்கிறது, நாள் இருக்கிறது.

ஒரு வரி எழுது. திட்டியாவது எழுது.

சங்கரபாண்டியன்


தும்பக்குளம்
17-6-1963

தம்பி சங்கரபாண்டிக்கு,

உன் இரண்டு கடிதமும் வந்தது. உன் மச்சானிடம் சொன்னேன். வயசுக்கு வரப்போகிற பிள்ளையை ஊர் பேர் தெரியாத இடத்தில் ஆம்பிளைப் பையன்கள் நடுவில் விட முடியுமா என்றார். எனக்கும் அந்தப் பயம்தான். அதனால்தான் உனக்குப் பதில் எழுதவில்லை.

செல்லத்தாய் கம்பெனிக்குப் போகிறாள். வைகாசி முதல் தேதியிலிருந்து. வயசுச் சீட்டெல்லாம் ஏஜெண்டே பார்த்துக்கொண்டான், அதில் அவளுக்குப் பதினைந்து. காலையில் ஆறரைக்குப் பாலம்மாளோடு சேர்ந்து நடந்து போகிறாள், ஏழு மணிக்கு இருட்டும்போது வருகிறாள். கையெல்லாம் சாம்பல் நிறம். சோப்புப் போட்டாலும் போவதில்லை. சிரித்துக்கொண்டுதான் இருக்கிறாள். "மாமா அனுப்புச்சாகல்ல டிரம்மு, அதுல ஒண்ணு கம்பெனி வெடிக்கும் மாட்டச் சொல்லும்மா, காது அடைக்குது" என்றாள். நானும் சிரித்தேன்.

போன வாரம் யூனியன் ஆபீஸிலிருந்து உத்தரவு வந்துவிட்டது. சைலன்ஸர் மாட்டிய என்ஜினைப் பகல் முழுக்க ஓட்டலாம். தலையாரியே ஹேண்டிலை வீட்டில் கொண்டுவந்து கொடுத்தான். உன் மச்சான் அதை வாங்கிக்கொண்டு நேரே தோட்டத்துக்குப் போனார். இப்போது கேப்பை நாற்று விட்டிருக்கிறோம், மிளகாய் அளவுக்கு அதற்குத் தண்ணீர் வேண்டாம், பகலில் மூன்று இறைப்பு கிடைத்தால் எல்லாப் பாத்தியிலும் நடலாம்.

பதினோரு மணிக்குக் கிளப்பினார். நான் கஞ்சி கொண்டுபோனவள் வாய்க்கால் மேட்டில் நின்றேன். நீ செய்தது நல்ல சாமான் தம்பி. ஒரு குறையும் இல்லை. முனகல்தான். அப்போது கம்பெனிப் பக்கம் ஒரு வெடி கேட்டது. ஒன்று. நான் நின்றேன். அடுத்தது வருகிறதா என்று காதைக் கொடுத்தால், அங்கே இந்த முனகல் இருக்கிறது. அதற்கு அந்தப் பக்கம் ஒன்றும் இல்லையா, இருந்தும் எனக்குத்தான் கேட்கவில்லையா என்று தெரியவில்லை. கஞ்சிக் கலயத்தை எங்கே வைத்தேன் என்று கூடத் தெரியவில்லை, ஓடிப்போய் எண்ணெய்க் குழாயை அடைத்தேன். என்ஜின் நின்றுபோனது.

அவர் அடிப்பார் என்று நினைத்தேன். அவர் கிணற்று மேட்டில் கம்பெனியைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தார். திரும்பாமலே, "நானே அமத்தலாம்னுதான் வந்தேன். நீ முந்திக்கிட்டே" என்றார். இரண்டு பேரும் அங்கேயே நின்றோம். ஒன்றும் வரவில்லை. காக்கை கத்தியது.

பிறகு ராக்காயி மதினி வேகமாக வந்தாள். என்ஜின் நின்றதைப் பார்த்து வந்தாளோ, வெடி கேட்டு வந்தாளோ. பக்கத்தில் நின்று என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒனக்கு நல்ல காது. கேட்டுச் சொல்லு" என்றாள். இப்போது தினமும் வருகிறாள். காலை எட்டு மணிக்கு நாங்களே என்ஜினை அமர்த்திவிடுகிறோம். யாரும் சொல்லவில்லை.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். இன்னும் குறைக்க முடியுமா? கொஞ்சம் இல்லை, ஒன்றுமே கேட்காத மாதிரி. அப்படி ஒரு வழி இருந்தால் எழுது. கேப்பை நட இன்னும் பத்து நாள் இருக்கிறது.

உன் அக்கா
வெள்ளைத்தாய்


பீளமேடு
21-6-1963

அக்கா,

முடியாது. ஓடுகிற என்ஜினுக்குச் சத்தம் இருக்கும். இதற்கு மேல் குறைத்தால் அது ஓடாது. கரெண்டு மோட்டார் வந்தால் வேறு, உங்கள் பக்கம் லைன் வர இன்னும் எத்தனை வருஷமோ.

ஜனவரியில் ஒரு கடிதத்தில், வெடிச் சத்தம் என்ஜினுக்கு மேல் கட்டாயம் கேட்கும் என்று விளக்கியிருந்தேன். இப்போதும் அதையே மறுபடி எழுதி அரைப் பக்கம் போனேன். சரியாகத்தான் எழுதினேன். கிழித்துவிட்டேன்.

எட்டு மணிக்கு அமர்த்திவிடு. கேப்பையை இரண்டு இறைப்புக்கு எத்தனை பாத்தி தாங்குமோ அத்தனையில் மட்டும் நடச் சொல். கிணற்றை ஒட்டிய பாத்திகளாகப் பார்த்து நடட்டும், வாய்க்காலில் தண்ணீர் வீணாகாது. மற்றது தரிசாகக் கிடக்கட்டும்.

லீவு இன்னும் கொடுக்கவில்லை. கொடுத்தாலும் வந்து என்ன செய்வேன் என்று தெரியவில்லை. நானும் உங்களோடு மேட்டில் நிற்கலாம்.

செல்லத்தாயை எந்த ஷெட்டில் போட்டிருக்கிறார்கள் என்று நீ எழுதவில்லை. ஷெட்டுக்கு எத்தனை வாசல், கதவு வெளியே திறக்கிறதா உள்ளே திறக்கிறதா, அவள் உட்காரும் இடம் வாசலுக்குப் பக்கத்திலா, உள்ளே தள்ளியா? அவளிடம் கேட்டு எழுது. வாசலுக்குப் பக்கத்தில் இல்லை என்றால் இடம் மாற்றித் தரச் சொல்லி மேஸ்திரியிடம் கேட்கச் சொல். அதை மட்டுமாவது கேட்கச் சொல்.

சங்கரபாண்டியன்